லாட்டரி அடித்த கார்

ஈப்போவிலிருந்து ஆயர் தாவார் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். விபத்தில் அடிபட்ட ஒரு காரை வாங்குவது பற்றிப் பேச்சு.

“ரப்பர் மரத்துல மோதுன காடிதான். ஆனா ராசியான காடி லா! அதோட நம்பர் பிளேட்டைப் பார்த்து அதே நம்பரை எழுதிக் காசு கட்டித்தானே நமக்கு லாட்டரி அடிச்சிச்சு? அந்தக் காசுல அதையே வாங்கி, முன்பக்கத்தைத் தட்டி நிமித்திட்டா ஓடும்.”

“ஓட்டுனவரு செத்துட்டாரேங்க?”

“அவருக்கு ராசியில்ல. நமக்கு இருக்கு.”

“ஒரே காடி எப்படிங்க ரெண்டுமா இருக்கும்?”

“அதான் எனக்கும் புரியல.”

பின்னால் இருந்த நானும் சேர்ந்து குழம்பினேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். பிறகு மனைவி கேட்டாள்:

“மோதுனப்ப அவரு பக்கத்துல யாரு உட்கார்ந்திருந்தா?”

“அவரு சம்சாரம். ஒரு கீறல்கூட இல்ல.”

“அப்ப வாங்குங்க.”