வெளுத்த சட்டை

– கண்ணாடியத் தொடாதீங்கம்மா. விரல் தடம் பட்டா காவக்காரன் நான்தான் பதில் சொல்லணும்.

– தொடல. பெட்டியத் திறங்க. அந்தச் சட்டை எங்க வீட்டுச் சட்டை.

– வர்றவங்கள்ல பாதிப் பேர் இதத்தான் சொல்றாங்க, பாருங்க. போன வாரம் ஒரு தீவுக்காரம்மா, தலையணை உறை எங்க அத்தையோடதுன்னு ஒரே அழுகை. லஸ்காரிதிஸ் முதலாளி நாப்பது வருஷம் கோவேறு கழுதையில ஊர் ஊராப் போய்க் காசு குடுத்து வாங்கினதும்மா எல்லாம். இது அவர் கடைசியா வாங்கினது. சாகுறப்ப ஏதென்ஸ்ல இருக்குற இந்த வீட்டையும் பொருளையும் மியூசியமாக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதி வச்சுட்டாரு.

– செத்தவங்க வீட்டுப் பெட்டியெல்லாம் திறந்து பாத்திருக்கான். அந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையாம்மா? தள்ளு, கண்ணாடிய நான் ஒடைக்கிறேன்.

– சும்மா இருலே. இடுப்புலருந்து கைய எடு.

– தம்பி, கத்தியா அது? வாசல்ல குடுத்துட்டு வரணும். இங்கயும் நூறு கத்தி இருக்கு, எல்லாம் கண்ணாடிக்குள்ள.

– எங்களோடது கண்ணாடிக்குள்ள போற கத்தி இல்ல.

– மானிச் சீமைக்காரங்களா? பேச்சே சொல்லுதே. அம்மாவும் மகனும் எந்த ஊரு?

– சீட்டுல எழுதியிருக்கே, நீங்களே படிங்க.

– "மாப்பிள்ளைச் சட்டை. தெற்கு மானி, ஸ்காலியா கிராமம்." அவ்வளவுதான் இருக்கு.

– மாப்பிள்ளைதான். கல்யாணமாகி ஒம்பதாம் நாள், எண்ணெய் ஆட்டுற எடத்துலருந்து வெளிய வந்தார். எதிர்க் கோபுர வீட்டுக்காரன் ஜன்னல்லருந்து சுட்டான். ஓடிப் போய் மடியில போட்டேன். வாயெல்லாம் ரத்தம். எம் பேரச் சொல்லப் பாக்குறார், கொப்புளிக்குது, வரல. பொத்தான் ரத்தத்துல வழுக்குச்சு. பல்லால கடிச்சுத்தான் சட்டையக் கழட்டினேன்.

– மத்த வீட்டுல ஈஸ்டருக்குச் செவப்பு முட்டை ஒடைப்பாங்க. எங்க வீட்டுல இந்தச் சட்டைய மேசையில விரிப்பாங்க. நடக்கத் தெரியுமுன்ன அதுக்கு முத்தம் குடுக்கத் தெரியும் எனக்கு. கறை காஞ்சு மொரமொரன்னு இருக்கும், உதட்டக் கீறும்.

– அப்புறம் எப்படிம்மா இது முதலாளி கைக்கு வந்துச்சு?

– நான் பிரேயஸ் துறைமுகத்துல வேலைக்குப் போயிருந்த சமயம் என் கொழுந்தன் பெட்டியோட வித்துட்டான்.

– அந்தச் சித்தப்பனுக்கு இப்ப ஒரு காதுதான்.

– கேட்டுக்கோங்க. ரத்தத்துக்கு ரத்தம் எடுக்குற வரைக்கும் இதுல தண்ணி படக் கூடாது. எடுத்த பிறகு, இல்ல மன்னிச்ச பிறகு, பொண்டாட்டி கையாலதான் துவைக்கணும்.

– எனக்குத் தெரியாதா அந்த வழக்கம்.

– தெரிஞ்சா திறங்க. துவைக்கிற நேரம் வந்தாச்சு. விடியக் கப்பல விட்டு எறங்கினதும் நேரா இங்கதான் வர்றோம்.

– அப்போ எல்லாம் முடிஞ்சுதா? பாதிரியார் வந்தாரா?

– வந்தாரு. கோயில் மணியும் அடிச்சாங்க.

– கர்த்தரே, உமக்கு நன்றி. ஆனா இனிமே துவைக்க என்ன இருக்கு? கிட்ட வந்து பாருங்க. பால் மாதிரி வெள்ளையா இருக்கு.

– எனக்குக் கண்ணாடி மினுக்குது, ஒண்ணும் தெரியல. லிகூர்கோ, நீ பாருலே. கறை எங்க?

– இல்லம்மா. கறையே இல்ல. ஓட்டையக்கூடத் தைச்சிட்டாங்க.

– லிகூர்கோவா? அப்பா பேரா?

– அவர் செத்து எட்டு மாசத்துல பொறந்தவன். வேற யார் பேர வைக்க? யார் துவைச்சது இத?

– நீங்க அவர் பொண்டாட்டி பொதிதிதானே. நீங்கதான் துவைச்சுக் குடுத்தீங்கன்னு நெனச்சேன். போன ஈஸ்டருக்கு இந்தப் பெட்டியில வைக்கும்போதே வெள்ளைதான். அன்னைக்கு இதே எடத்துல முட்டி போட்டு அழுதேன்.

– உனக்கு என்ன அழுகை?

– இடது அக்குளுக்கு நாலு விரக்கடை கீழ. ஓட்டை அங்கதான்.

– சீட்டுல அது இல்லையே.

– சீட்டு எழுதினவரு சுடல. நான் சுட்டேன். இங்க எல்லாருக்கும் நான் ஸ்ட்ராட்டிஸ். ஊர்ல ஸாஹரியாஸ். எதிர்க் கோபுர வீடு. இந்தா, கால்ல விழறேன்.

– அம்மா, நகரு.

– லிகூர்கோ, கழுத்த விடு. விடுலே. கண்ணு சொருகுது பாரு.

– இருபத்திமூணு வருஷம்மா. இவன் மூக்கு ஒடையுற சத்தம் எப்படி இருக்கும்னு நெனச்சு நெனச்சுத் தூங்கினேன். கேட்டியா? கேட்டியாடா?

– அடி தம்பி. பல்லும் போகட்டும், அடி. ஆனா உசுரு கேக்கக் கூடாது. துவைச்ச சட்டைக்கு ரத்தம் எடுக்குறது நம்ம பக்கம் கெடையாது.

– நாங்க துவைக்கல, ஸாஹரியாஸ். இந்த வீட்டுக்காரங்க அழுக்குன்னு நெனச்சுத் துவைச்சிருக்காங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?

– அப்படிச் சொல்லாதீங்க. அப்போ நீங்க மன்னிக்கலயா?

– லிகூர்கோ, கத்திய உள்ள வை. இவன் ரத்தம் நமக்கு இனி வேண்டாம்.

– வேண்டாமா? அதான் பாத்தேன். வாய்விட்டுச் சொல்ல மாட்டேங்குறீங்க, மன்னிச்சுட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும், பொதிதி. இந்த வெள்ளைச் சட்டைய நம்பித்தான் போன மாசம் என் ஒரே மகன் தோமாவ ஊருக்கு அனுப்பினேன். பகை தீந்துருச்சுடா, போய் நம்ம வீட்டுக் கூரைக்கு ஓடு மாத்துன்னு சொன்னேன். மழைக்கு முன்னாடி முடிச்சுடுவேன்ப்பான்னு கடுதாசி போட்டான்.

– முடிக்கல. செவ்வாய்க்கிழமை நாங்க போனப்ப பாதிக் கூரைதான் மாத்தியிருந்தான். கோயில் மணி அவனுக்குத்தான் அடிச்சாங்க.