தாழ்வாரத்தில் எடுத்த ஒரு சொட்டு இரத்தம்

பெயர் எலுபி நமக்வா, பெண், வயது முப்பத்தொன்று, மலாவி நாடு, நம்பிரோ சிறுநகரம். புயல் வெள்ளத்தில் வீடு போன பிறகு விலாசம் கிடையாது; ஆறு வயது மகள் தியாமிகேயுடன் சந்தையை ஒட்டிய கலிண்டே மாவு மில்லின் பின் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்கிறேன். மில் தரையைக் கூட்டுவது என் வேலை. சிந்திய தவிடும் படுக்கிற இடமும்தான் கூலி. காவல் நிலையத்துக்கு நானாகவே வந்து, பயத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

சென்ற வியாழக்கிழமை காலை, மாதா கோயில் சார்பில் சந்தையில் படுத்திருப்பவர்களுக்குக் கஞ்சி ஊற்றி, காய்ச்சலும் பார்க்கும் லாமெக் என்ற இளைஞர் தாழ்வாரத்துக்கு வந்தார். "பாப்பா இன்னிக்கு வாயே தொறக்கலியே, என்னக்கா?" என்று கேட்டார். அவளுக்கு உடம்பு கொதித்தது. அதன் பிறகு மலேரியாவா என்று பார்க்க அவள் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதனை அட்டையில் விட்டார். வெளியாட்கள் வந்து இரத்தத்தை உறிஞ்சி விற்கிறார்கள் என்று அந்த வாரம் முழுக்க ஊரில் புரளி. சோளம் அரைக்க வரிசையில் நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ஐயையோ, புள்ள ரத்தத்த எடுக்குறான்!" என்று அலறினார்.

அதன் பிறகு மில் எந்திரம் நின்றது. மில்காரர் கலிண்டே இரும்புக் கம்பியோடு வந்தார், அவர் பின்னால் சந்தையே வந்தது. "ஏய் எலுபி, ரத்தம் எடுத்தானா இல்லையா? ஒரே பேச்சு!" என்றார். லாமெக், "காய்ச்சலுக்குப் பாத்தேன்னு சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினார். "கஞ்சிக்குப் பெத்த புள்ள ரத்தத்த வித்தவ, இவ என்னத்தச் சொல்லுவா" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். சந்தையில் எனக்கு வாயாடி என்று பெயர். அன்று அந்த வாயைப் பயம் கட்டிப்போட்டது. எடுத்தது உண்மை என்பதால் "எடுத்தாரு" என்றேன். எதற்கு எடுத்தார் என்று சொல்லி முடிப்பதற்குள் கலிண்டே கம்பியால் லாமெக்கின் பிடரியில் அடித்தார். முதல் அடி அவருடையது. அதன் பிறகு செங்கற்கள் பறந்தன. யார் எறிந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை, மகள் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டேன்.

அதன் பிறகு லாமெக்கைத் தள்ளுவண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மாலையில் கலிண்டே தவிட்டுக்குப் பதில் ஒரு வாளி வெள்ளை மாவைக் கொண்டுவந்து வைத்தார். "நீ ஒண்ணும் பாக்கல. மழைக்காலம் முடியற வரைக்கும் தாழ்வாரம் உனக்குத்தான். பாத்தேன்னு சொன்னியோ, ரத்தக்காரனுக்குக் கூட்டாளின்னு ஊரே உன்னத் தேடி வரும்" என்றார். அந்த மாவில் களி கிண்டினேன். பசித்தது, சாப்பிட்டோம்.

மறுநாள் மகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். மலேரியாதான் என்று மாத்திரை கொடுத்தார்கள். அங்கே லாமெக் கண் திறக்காமல் கிடந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா, சில நாள் அவரோடு கஞ்சி ஊற்ற வந்தவர், என்னை அடையாளம் கண்டு, "பாப்பாவுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியதும் குறைத்ததும் இல்லை. சொல் என்று யாரும் என்னை மிரட்டவில்லை, மிரட்டியவர் சொல்லாதே என்றுதான் மிரட்டினார். இன்று இருட்டினால் என் மகளை எங்கே படுக்கவைப்பது என்று இதை எழுதும் சார்ஜன்ட்டிடம் கேட்டேன். அது வழக்கில் சேராது என்றார். சேராவிட்டாலும் எழுதுங்கள் என்றேன், எழுதினார்.

எலுபி நமக்வா, இடது பெருவிரல் ரேகை.