கதவம்மாவின் பக்கத்து நாற்காலி

தலைமை ஏற்றிருக்கும் இசைப் பள்ளி முதல்வர் அவர்களே, மறைந்த பியானோ மேதையின் அன்புத் தம்பி அவர்களே, துயரோடு கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த அம்மாவின் பியானோவுக்குச் சுருதி சேர்த்தவன் நான். கம்பியோடு பேசத் தெரியும். சபையோடு பேசத் தெரியாது.

கதவைத் திறக்காமலே ஆளைத் திருப்பி அனுப்புவார் என்பதால் தெருவே அவரைக் 'கதவம்மா' என்றது. விருது வாங்கப் போகவில்லை. தம்பி மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. தலைக்கனம் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பெரியோர்களே, அது தலைக்கனமா? இல்லை! பயம்! வெறும் பயம்!

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், இதே அரங்கில் அவருடைய கடைசிக் கச்சேரி. மணி அடித்தாயிற்று. அவரோ ஒப்பனை அறையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். என்னைப் பார்த்ததும், "பக்கத்துல வந்து உக்காருப்பா. இசைக் குறிப்புத் தாள் புரட்டுற ஆளுன்னு நினைச்சுக்குவாங்க" என்றார்.

"அம்மா, எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாதே!"

"யாரு படிக்கச் சொன்னா? நீ மூச்சு விடுற சத்தம் கேட்டா போதும்."

எல்லாம் மனப்பாடம் என்பதால் அவரிடம் தாளே கிடையாது. கைப்பையைத் துழாவினால், அன்று வாங்கிய வாஷிங் மெஷினின் கையேடுதான் இருந்தது. அதைத்தான் பியானோவில் விரித்தோம்! அவர் தலையசைத்த போதெல்லாம் புரட்டினேன். துணியை ஊறவைக்கும் முறை என்ற பக்கம் வந்தபோது முன்வரிசையே அழுதது. நானும் அழுதேன். சற்று முன் குழாயை விட மறுத்த கைகளா அவை?

அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. வீட்டில் தினமும் ஆறு மணி நேரம் வாசித்தார். நான் சுருதி சேர்த்து முடித்ததும், சரிபார்க்க அவருடைய மெட்டு ஒன்றை வாசிப்பேன், அவர் பின்னறையில் இருக்கும் தைரியத்தில். ஒருநாள் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "நல்லாத்தான் வாசிக்கிறே. கடைசியில ஏன் நாய் துரத்துற மாதிரி ஓடுறே?"

போன மாதம் அதே கதவருகே சொன்னார்: "நான் போனதும் என் பியானோவைக் கண்ணாடிக்குள்ள வச்சுப் பூட்டிடுவாங்க. அதுக்கு முன்னாடி நீ சபையில வாசிக்கணும்." மாட்டேன் என்றேன். பயமாக இருக்கிறது என்றேன். "எனக்கு மட்டும் இல்லையா?" என்றார். வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

முதல்வர் அவர்களே, மேடையில் நிற்கும் இந்தப் பியானோவைக் கண்ணாடிக் கூண்டில் வைப்பதாகச் சற்று முன் அறிவித்தீர்கள். மன்னியுங்கள், வேண்டாம்! இதன் மூடி திறந்தே இருக்கட்டும். பயந்தவரும் வாசிக்கட்டும், தப்பாகவும் வாசிக்கட்டும். என் கை ஓடும்வரை இதன் சுருதி குலைய விடமாட்டேன். இது உறுதி.

இப்போது வாசிக்க வேண்டும். எனக்கும் அதே பயம்தான். தம்பி அவர்களே, அந்தக் கல்யாணத்திலிருந்து அக்காவிடம் நீங்கள் பேசவில்லை. உங்கள்மேல் தப்பில்லை, தன் பயத்தை அவர் உங்களிடம் சொன்னதே இல்லை. இதோ அந்தக் கையேடு. பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். வந்து உட்காருங்கள் ஐயா. புரட்டக்கூட வேண்டாம், மூச்சு விடும் சத்தம் கேட்டால் போதும்.