மன்னரின் அக்கா மகன்

– திரும்பவும் கேக்குறியா? எழுதிக்கோ. அந்தக் கடிதம் எழுதின அன்னிக்கு வீட்டுல இருந்தது நான், க்வேக்கு எகிர், குடும்பத் தலைவன். என் தங்கச்சி அராபா. சபையில கோல் பிடிச்சுப் பேசுற கோஜோ அன்சா. அப்புறம் எங்க மாமன்மார் ஏழு பேர்.

– அவங்க பேரு, சித்தப்பா?

– பேரு எதுக்கு? அவங்க யாரும் இப்ப மண்ணுக்கு மேல இல்லை.

– செத்தவங்களையா? அரசாங்க விசாரணையில அப்படியெல்லாம் எழுத முடியாது.

– தரையில ஜின் சாராயம் ஊத்திக் கூப்பிட்டோம், வந்தாங்க. உங்க கமிஷனர் கூப்பிட்டா அரை நாள் கழிச்சுத்தான் வர்றான். எழுதிக்கோ.

– சரி, எழுதிட்டேன். மெதுவாப் பேசுங்க. இது 1910-ல எழுதின கடிதம். முன்னாடி இருந்தவர் அக்ராவுக்கு அனுப்பாம ஆபீஸ் பெட்டியில போட்டு வச்சிருக்கார்; புதுக் கமிஷனர் குடைஞ்சப்போ கையில சிக்கிடுச்சு. ஜெர்மன்காரனோட போர் தொடங்கி ரெண்டு வாரம்கூட ஆகல. இது ராஜத்துரோகம்னு அவர் முடிவு பண்ணிட்டா, க்வாமினாவைத் தலைவர் பீடத்துலேருந்து இறக்கிக் கப்பல் ஏத்திடுவாங்க.

– என் தங்கச்சி மகன் மேல கை வைக்கச் சொல்லு, பாப்போம்.

– வைப்பாங்க. அதான் வேற குமாஸ்தாவை விடாம நானே எழுத வந்தேன். நடந்ததைச் சொல்லுங்க.

– வால்நட்சத்திரம் வந்த வருஷம். ஒரே மாசத்துல லண்டன்ல மன்னர் போனார், இங்க ஊர்த் தலைவர் உங்கப்பா, என் அண்ணன், போனார். தங்கக் கடற்கரை பூரா கறுப்புத் துணிக்குத் தட்டுப்பாடு. அப்போ இருந்த கமிஷனர் வந்து சிரிச்சுக்கிட்டே சொல்றான், மன்னர் இடத்துல அவர் மகன் உக்காந்துட்டாராம். மகன்! அராபா துணியால வாயைப் பொத்திக்கிட்டா.

– அவங்க வழக்கம் அது.

– வழக்கமா, திருட்டா? மகன்ங்கிறவன் பொண்டாட்டி குடும்பத்து ஆளு. அவன்கிட்டயா பீடத்தைக் குடுப்பாங்க? அது அக்கா தங்கச்சி மகனுக்குல்ல! அதோட நிறுத்தினானா? இந்த ஊருக்கும் பழைய தலைவர் மகன் ஈபோ, அதாவது நீதான், வரணும், அதான் நாகரிகம்னான். நீ பல்லைக் காட்டிக்கிட்டு நின்னே.

– இல்லை சித்தப்பா. வெயில் கண்ணுல அடிச்சுது.

– நல்லா அடிச்சுது. நான் கேட்டேன், செத்த மன்னருக்கு அக்கா உண்டான்னு. உண்டுன்னான். அவளுக்கு மூத்த பையன்? ஜெர்மன் நாட்டை ஆளுறார்னான். அப்புறம் என்ன? வாரிசு வெளியூர்ல நல்ல உத்தியோகத்துல இருக்கான், சொல்லி அனுப்பினா வரப்போறான். உடனே அக்ராவுக்குக் கவர்னர் பேருக்கு எழுதச் சொன்னேன்: 'துக்கம் விசாரிக்கிறோம். பீடம் தப்பான ஆள்கிட்ட இருக்கு. அக்கா மகனைக் கூப்பிடுங்க. சடங்குக்கு ஒரு ஆடு நாங்க தர்றோம்.'

– ஆடுங்கிற வார்த்தைக்குக் கீழே கமிஷனர் சிவப்பு மையில ரெண்டு கோடு போட்டிருக்கார்.

– நல்ல ஆடு அது. யார் கையெழுத்துன்னு கேட்டானா?

– கேட்டார்... அடையாளம் தெரியலைன்னேன்.

– ஊர்லயே இங்கிலீஷ் எழுதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன். உனக்குப் பீடம் கிடையாதுன்னு உன் கையாலயே எழுத வச்சேன். முத்து முத்தா எழுதினே.

– மெதுவா சித்தப்பா! வாசல்ல போலீஸ்காரர் நிக்கிறார். க்வாமினாவும் போவான், நானும் போவேன். ஒரு வார்த்தை சொல்லுங்க, 'தெரியாம எழுதிட்டோம்'னு. கமிஷனர் பெட்டியை மூடிடுவார்.

– இந்தக் குடும்பம் தெரியாம எதையும் எழுதாது.

– உள்ளே அத்தை அழுறாங்க. கேக்குதா?

– கேக்குது.

– அப்புறம்?

– 'அந்த அக்கா மகன் இப்படிச் சண்டைக்காரர்னு தெரியாம எழுதினோம்.' அது நிஜம். உறவுமுறை தெரியும், குணம் தெரியாது. இதுக்கு மேல ஒரு எழுத்து சேர்த்தாலும் கிழிச்சுப்போடுவேன்.

– போதும், போதும்! க்வாமினா தப்பிச்சான். கடைசியா ஒண்ணு, சும்மா இல்லைன்னு சொல்லிடுங்க. சந்தையில ஒரு பேச்சு. நம்ம கடிதத்தைப் படிச்சுட்டுத்தான் அந்த ஜெர்மன் மன்னர் உரிமை கேட்டுப் படை திரட்டினாராம்.

– சுத்தப் பொய். எழுதிக்கோ. இது கவர்னருக்கு எழுதின கடிதம், ஜெர்மன் மன்னர் கண்ணுலயே பட்டிருக்காது. அவருக்கு நாங்க தனியா, எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மன்காரன் ஆளுற ஊர்ப் பாதிரியாரை வச்சு, ஜெர்மன்லயே எழுதினோம்.