அறுத்தாங்களா, அவுத்தாங்களா?

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், முன் இருக்கையில் இருந்த தடயவியல் மாணவி தன் பெரியம்மாவிடம் கேட்டாள்.

"அக்கா தொங்கினு இருந்த பொடவைய அறுத்தாங்களா, முடிச்ச அவுத்தாங்களா?"

"இப்ப எதுக்குடி அது?"

"அவ தானா தூக்கு மாட்டிக்கலன்னுதான சப்-கலெக்டர் விசாரணையில சொல்லப்போறீங்க? முடிச்ச அவுக்கவே கூடாது பெரிம்மா. எங்களுக்கு காலேஜ்ல மொத பாடமே அதான். யாரு போட்டதுன்னு அதுல தெரிய வரும்."

"நான் அறுக்கத்தான் அருவாமனைய எடுத்தேன். மாப்ளதான் வேணாம்னு அவரே அவுத்தாரு."

"பாரத்துல இறுகிப்போயிருக்குமே. ரொம்ப நேரம் ஆச்சா?"

"நேரம் என்ன, ஜல்தியா அவுத்துட்டாரு. எந்த முனைய இழுக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துது."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் மாணவியின் முகத்தைப் பார்த்தார்.