தச்சரின் படிவத்தில் இருந்த என் எண்

என் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் மேலே குறித்தபடி. வயது நாற்பத்தேழு. மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். மருத்துவமனைப் பதிவு மேசையில் பன்னிரண்டு வருடமாக நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றி வருகிறேன்.

முன்பெல்லாம் உறவினரின் தொலைபேசி எண் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவோம். காலியாக உள்ளவர்களின் பட்டியல் தானாகவே உறவினர் தேடும் பிரிவுக்குப் போகும். சென்ற வருடம் பட்டியல் நீண்டுவிட்டது என்று மேலாளர் கோபப்பட்டு, கட்டத்தை நிரப்பினால்தான் பதிவு ஏறும்படி மாற்றச் செய்தார். எண் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "எதையாவது போட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிடும்மா" என்றார். பக்கத்து மேசைக்காரர் பத்து சைபர் போட்டார். சைபருக்கு அடித்தால் யார் எடுப்பார்கள்? எனக்கு மனசு கேட்கவில்லை. என் சொந்த எண்ணைப் போட்டேன். இதுவரை மொத்தம் நாற்பத்தொரு பேருக்கு. தேடும் பட்டியல் ஒரே மாதத்தில் ஒன்றுமில்லாமல் போனது. மேலாளர் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன்.

அதன் பிறகு சென்ற மாதம் நான்காம் தேதி, தச்சு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். மகன் இருக்கிறான், நம்பரை மாற்றிவிட்டான், புதியது தெரியாது என்றார். அவருக்கும் என் எண்ணைப் போட்டேன். ஒன்பதாம் தேதி மதியம் வார்டிலிருந்து போன் வந்தது. "உங்கப்பாவுக்கு ரொம்ப முடியலை, சீக்கிரம் வாங்க" என்றார்கள். நான் மகள் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்னை யாரும் அப்படி அவசரமாகக் கூப்பிட்டு வெகு காலமாகிறது. மாடியேறிப் போனேன். பன்னிரண்டு வருடம் கீழேயே உட்கார்ந்திருந்ததால் வார்டில் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. பெரியவர், "வந்துட்டானா?" என்று இரண்டு முறை கேட்டார். "வந்துட்டே இருக்காருப்பா" என்றேன். நாலரை மணிக்கு இறந்தார். அதன் பிறகு மகள் என்று கையெழுத்துப் போட்டு, உடலை வாங்கி அடக்கம் செய்தேன். பொய் என்று தெரிந்தேதான் போட்டேன்.

பதினோரு நாள் கழித்து அப்பாவைத் தேடி மகன் வந்தார். பேருந்தில் அரை மணி தூரத்தில்தான் இருந்திருக்கிறார். "யாராச்சும் தேடியிருந்தா வந்திருப்பேனே" என்று என் மேசை முன்னால் நின்று அழுதார். கட்டம் காலியாக இருந்திருந்தால் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்போம் என்று தேடும் பிரிவில் சொன்னார்கள். தெரியாது என்று இருந்ததைத் தெரியும் என்று ஆக்கியது நான்தான். அவர் கொடுத்த புகார் நியாயமானது.

கடைசியாக, இதை எழுதிக்கொண்ட காவலர் என்னுடைய உறவினர் எண்ணைக் கேட்டார். தங்கை ஒருத்தி இருக்கிறாள், ஒன்பது வருடமாகப் பேச்சில்லை, எண் தெரியாது என்றேன். "அப்போ ஸ்டேஷன் நம்பரையே போட்டுக்கவா?" என்றார். வேண்டாம், காலியாக விடுங்கள், யாராவது தேடுவார்கள் என்றேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை. அந்த ஒரு கட்டம் மட்டும் காலி.

(கையொப்பம்)