அஞ்சே முக்கால் கணக்கு

– கிழிச்சது நீயா, பாரதியா? அத மட்டும் சொல்லு.

– நான்தான் கிழிச்சேன். புள்ள மேல போடாதீங்க.

– கம்பெனி பஸ்ஸ வுட்டு எறங்கி இன்னும் ஷூ கூட கழட்டல, ஹெலன். செவுத்தப் பாத்தா கணக்கு டைம்டேபிள் காணோம். நாலு மாசமா அது அங்கதான இருந்துச்சு. அது மேல இன்னா கோவம் உனக்கு?

– காலைல அஞ்சே முக்காலுக்கு உங்க போன் அலாரம் அடிச்சுது. அடிச்ச ஒடனே அவ எழுந்து பின்பக்கம் போயி வாந்தி எடுத்தா. திங்கக்கெழமயும் எடுத்தா. நேத்தும் எடுத்தா. ஞாயித்துக்கெழம அலாரம் இல்ல, வாந்தியும் இல்ல.

– ராத்திரி கண்டதத் தின்னுருப்பா.

– ரசஞ்சோறு தின்னா. நீங்களும் அதத்தான் தின்னீங்க.

– சரி, ஒடம்பு முடியலன்னா ஒரு நாள் லீவு வுடு. அதுக்குன்னு கணக்கையே நிறுத்திடுவியா? பகல்ல தமிழு, இங்கிலீசு, சயின்சு எல்லாம் நீ சொல்லித் தர்ற. நான் எதுனா கேட்டேனா? கணக்கு மட்டும் எங்கிட்ட வுடுன்னு அன்னிக்கே பேசிக்கினோம். காலைல இருபது, சாயங்காலம் இருபது. இதுல இன்னா ஜாஸ்தி?

– முப்பது நிமிசம் டைமர் வெச்சுட்டுக் குளிக்கப் போறீங்க. வந்து, தப்பான கணக்கு மேலல்லாம் செவப்புப் பேனால ரிஜெக்ட்னு எழுதுறீங்க. அவ உங்க லைன்ல ஷூ தைக்கிற ஆளு இல்ல. ஒம்பது வயசுப் புள்ள.

– டார்கெட் இல்லாம எந்த வேலையும் நடக்காது. கேளு. போன மாசம் நாப்பதுக்குப் பதினெட்டு. இந்த வாரம் முப்பத்தெட்டு. அவுட்புட் வருதா இல்லயா? வகுத்தல் வரலன்னு ஸ்கூல்ல அந்த மிஸ்சு இவ நெத்தியில சாக்பீசால சைபர் போட்டு வராண்டால நிக்க வெச்சுதே, அதே புள்ளதான். நான் போயி சண்ட போட்டு டிசி வாங்கிக்கினு வந்தேன். வீட்டுலயே படிக்க வெச்சுக் காட்றேன்னு அத்தினி பேர் முன்னாடி சொல்லிட்டு வந்தவன் நானு. உங்க அண்ணனுங்க சிரிச்சானுங்க. இப்ப பாதியில வுடச் சொல்றியா?

– அந்த முப்பத்தெட்ட நம்புறீங்களா?

– நம்பாம? ஒவ்வொண்ணா நானே போட்டுப் பாத்துத் திருத்தினேன்.

– இத பிரிச்சுப் பாருங்க.

– இன்னா பேப்பர் இது?

– கணக்குப் புக்கோட கடைசி மூணு தாளு. விடை இருக்கிற பக்கம். மூணு தாளையும் மடிச்சு பழைய ஸ்கூல் பைக்குள்ள வெச்சிருந்தா. தொவைக்கலாம்னு பைய ஒதறினேன், வுழுந்துச்சு.

– பழைய புக்கு, வாங்கறப்பவே கிழிஞ்சிருந்துச்சுன்னு இல்ல நெனச்சேன். எம் மூஞ்சப் பாத்துக்கினே ஏமாத்தியிருக்கா. கம்பெனில கட்டிங் செக்சன்ல இருக்கிற கவுஸ் பாஷா கிட்ட கூட எம் பொண்ணு முப்பத்தெட்டு எடுத்தான்னு சொல்லிக்கினு திரியறேன்.

– கத்தாதீங்க, உள்ளதான் இருக்கா. மத்தியானம் நான் ஒக்கார வெச்சேன். டைமரும் இல்ல, பேனாவும் இல்ல. துணிக்குப் போடுற கிளிப்பு முப்பத்தாறக் குடுத்து, அஞ்சு கிண்ணத்துல சமமா போடுன்னேன். மாத்தி மாத்திப் போட்டா. ஏழு ஏழா வந்துச்சும்மா, ஒண்ணு மிச்சம்னா. கால் மணி நேரம் ஆச்சு. ஆனா அவளே சொன்னா. இனிமே கணக்கு மத்தியானம், எங்கூட. ஒரு நாளைக்கு நாலே நாலு கணக்கு.

– கால் மணி நேரத்துக்கு ஒரு கணக்கு. இப்படிப் போனா பிரைவேட்டா எட்டாவது பரீட்ச எப்ப எழுதுவா? நீ வுடு. பாரதி. இங்க வா.

– ப்பா.

– இந்தப் பக்கத்த யார் கிழிச்சது?

– நான்தான்.

– யார் சொல்லிக் குடுத்தாங்க?

– யாரும் இல்ல. எல்லாம் சரியா இருந்தா உனக்கு டவுட் வரும்னு ரெண்டு மட்டும் தப்பா எழுதினேன்.

– பாத்தியா, ஹெலன். பாத்தியா.

– அவ எதுக்குப் பண்ணான்னு கேளுங்க மொதல்ல.

– எதுக்குடி?

– நெறைய மார்க் வந்தா நீ சிரிப்ப. அன்னிக்கு நல்லா பேசுவ.

– நான் உன்ன அடிச்சேனா? ஒரு நாளாவது கை ஓங்கினேனா? அந்த மிஸ்சு கிட்டருந்து உன்னக் கூட்டிக்கினு வந்தவன் நானு. அங்க நல்லா இருந்துச்சா, இங்க நல்லா இருக்கா? நீயே சொல்லு. ஹெலன், நீ எடுத்துக் குடுக்காத. அவ சொல்லட்டும்.

– பயப்படாம சொல்லும்மா.

– அங்கயும் பயமாத்தான் இருக்கும்ப்பா. ஆனா நாலு மணிக்கு பெல் அடிச்சா வீட்டுக்கு வந்துருவேன்.